ஏரிக்கரையில் பறவை நடை நடத்துவது எப்படி: முன்னோட்டம் முதல் பட்டியல் வரை

பறவைகளைப் பத்து வருடம் பார்த்துப் பழகியவர்கூட, முதன்முதலாக ஒரு குழுவை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும்போது தடுமாறுகிறார். தனியாகப் பார்ப்பது ஒரு பழக்கம், பதினைந்து பேருக்குக் காட்டுவது வேறு பழக்கம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை நடத்தி வருகிறோம். நடத்திப் பழக வந்தவர்கள் எங்கெங்கே சறுக்கினார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான் இந்த வரிசை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் எத்தனை பறவை பார்த்தார் என்பது கணக்கே இல்லை. வரிசையின் கடைசியில் நிற்பவர் எத்தனை பார்த்தார் என்பதுதான் கணக்கு. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. மாதத்தையும் ஏரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் கிளம்புகின்றன. அதனால் அக்டோபர் முதல் மார்ச் வரை எப்போது போனாலும் சரி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நவம்பர் கடைசியில் ஏரி நிரம்பி, மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளான் மாதிரி சேற்றில் நடந்து தீனி தேடும் பறவைகளுக்கு அப்போது கால் வைக்க இடமே இருக்காது. பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் வடிய வடிய ஓரமெல்லாம் சேறாகும். ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை, புதியவர்களை அழைத்துப் போக அதுவே நல்ல காலம். வாத்தும் இருக்கும், உள்ளானும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும்.

முதல் நடைக்கே வேடந்தாங்கலையோ கரிக்கிலியையோ தேர்ந்தெடுக்காதீர்கள். சரணாலயம் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நீங்கள் நடத்திப் பழக உங்கள் ஊர் ஏரிதான் தோது. ஏனென்றால் அங்கே நீங்கள் வாரம் மூன்று நாள் போய் வர முடியும். எந்த மரத்தில் எந்தப் பறவை உட்காரும் என்று தெரிந்திருப்பதுதான் உங்கள் மூலதனம்.

2. கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்

இதைத் தனித் தலைப்பாகவே எழுதுகிறேன். கெட்டுப்போன நடைகளில் பாதி இதனால்தான் கெட்டது.

காலையில் சூரியன் முகத்தில் அடித்தால் தண்ணீரில் இருக்கும் பறவை எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் ஒன்றுபோல இருக்கும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது காலையில் நாம் கிழக்கே நின்று மேற்கே பார்க்க வேண்டும்.

இதில் நம்மூர் ஏரிகளே நமக்குக் கைகொடுக்கின்றன. இந்தப் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கே இருக்கும், நீர்ப்பிடிப்பு மேற்கே விரிந்திருக்கும். கரைமேல் நடந்தாலே வெயில் முதுகில் விழும், ஏரி முழுக்கப் பளிச்சென்று கண் முன்னே இருக்கும். உங்கள் ஏரிக்குக் கரை வேறு திசையில் இருந்தால் காலை நடையை மாலைக்கு மாற்றுங்கள், அல்லது வெயில் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து வழியை அமையுங்கள்.

3. முன்னோட்டம்: அதே கிழமை, அதே நேரம்

நடைக்கு முந்தைய வாரம் அதே கிழமையில், அதே நேரத்துக்குப் போய் முழு வழியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். புதன்கிழமை மாலையில் போய்ப் பார்த்துவிட்டு ஞாயிறு காலையில் குழுவை அழைத்து வந்தால் வேறோர் ஏரியைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிறு காலையில் கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், வலை போடுவார்கள், வண்டி கழுவுவார்கள்.

கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு ஏரியைப் பகுதி பகுதியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மதகுப் பக்கம் மீன்கொத்தி. கலங்கலில் தண்ணீர் வழிந்தால் அங்கே கொக்குகள். ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நீர்க்காகம், வக்கா. கரைக்கு அந்தப் பக்கம் ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் உண்ணிக்கொக்கு, ஆள்காட்டி, மின்கம்பியில் பனங்காடை. கோரைப்புல் அடர்ந்த மூலையில் தாழைக்கோழி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் சேர்ந்து நிற்க முடியும் என்பதையும் எழுதுங்கள். மூன்று பேர் நிற்கும் இடத்தில் அபூர்வமான பறவை இருந்தும் பயனில்லை.

அப்புறம், இதைச் சொல்லத் தயங்குவார்கள், ஆனால் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் கரையின் சில பகுதிகளை ஊர்க்காரர்கள் ஒதுங்கப் பயன்படுத்துவார்கள். சில படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள். கழுத்தில் பைனாகுலரோடு பதினைந்து பேர் அங்கே போய் நிற்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய அவமரியாதை. அந்த இடங்களை முன்னோட்டத்திலேயே கண்டுபிடித்து வழியிலிருந்து நீக்கிவிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஏழரை மணிக்கு மேல் அந்தப் பக்கம் போங்கள்.

தேன்கூடு எங்கே, நாய்கள் எங்கே கூடும், கரையில் எங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது, மழை வந்தால் ஒதுங்க எது கூரை, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்து உள்ளே வந்துவிடும். வெட்டிப் போட்ட முள் கிடக்கும் பாதையைத் தவிர்க்கவும்.

4. யாரிடம் சொல்ல வேண்டும்

பெரிய ஏரிகள் நீர்வளத்துறையிடமும், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. நகரத்துக்குள் என்றால் மாநகராட்சியோ நகராட்சியோ பார்த்துக்கொள்ளும். ஊர் வழியாகப் போகிற பொதுக் கரையில் நடக்க யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் ஊராட்சித் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்புக்காடு, சரணாலயம் என்றால் கதை வேறு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்கவே கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதி காப்புக்காடு என்பது பலருக்குத் தெரியாது. சாலையோரத்தில் நின்று பார்ப்பதும் உள்ளே இறங்குவதும் ஒன்றல்ல.

எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். காசு போட்டு மீன்குஞ்சு விட்டவருக்கு நீர்க்காகமும் கூழைக்கடாவும் நஷ்டம்தான். சில ஏரிகளில் வெடி வைத்துப் பறவைகளை விரட்டுவார்கள். எங்கள் நடை ஒன்றில் ஆறே முக்காலுக்குச் சரவெடி வெடித்தது. அத்தனை நேரம் காட்டிக்கொண்டிருந்த வாத்துக் கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பி, கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. அடுத்த முறை முந்தைய நாளே போய், "அண்ணே, நாளைக்குக் காலையில எட்டரை வரைக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றோம்" என்று சொன்னோம். எட்டரை வரை ஒரு சத்தமில்லை. போகும்போது பரிசலில் இருந்தபடியே, வடக்கு மூலையில் புதிதாக ஏதோ வாத்து வந்திருக்கிறது, பார்த்தீர்களா என்று அவரே கேட்டார். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். உங்களைவிட அதிக நேரம் அந்தத் தண்ணீரைப் பார்ப்பவர் அவர்.

5. எத்தனை பேர்

ஒரு நடத்துநருக்குப் பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து. அதற்குமேல் ஆள் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றைக் கரையின் தெற்கு முனையிலிருந்தும் மற்றொன்றை வடக்கு முனையிலிருந்தும் தொடங்குங்கள்.

காரணம் எளிது. கரை ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும். இருபத்தைந்து பேர் நடந்தால் வரிசை வெகுதூரம் நீண்டுவிடும். முன்னால் நிற்பவர் காட்டும் மீன்கொத்தி, பின்னால் இருப்பவர் வந்து சேர்வதற்குள் பறந்துவிடும். அவர் அன்று முழுக்க மற்றவர்களின் முதுகைத்தான் பார்த்திருப்பார். அடுத்த மாதம் வரமாட்டார்.

நடத்துபவர் முன்னால் போனால், பறவை ஓரளவு தெரிந்த இன்னொருவர் கட்டாயம் கடைசியில் வர வேண்டும். அவரை வால் என்போம். வாலுக்கு இரண்டு வேலை: யாரும் பின்தங்காமல் பார்ப்பது, நீங்கள் காட்டியது கடைசி ஆளுக்கும் தெரிந்ததா என்று பார்த்துக் கையை உயர்த்துவது. அந்தக் கை உயரும்வரை நீங்கள் நகரக் கூடாது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தை வந்தால் பெற்றோரில் ஒருவரும் வர வேண்டும் என்பது எங்கள் விதி. தண்ணீர் ஓரத்தில் இதற்கு விலக்கே கிடையாது.

6. அறிவிப்பில் இருக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் போகும் அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும், ஆனால் இவை விடுபடக் கூடாது: கூடும் இடத்தின் வரைபடச் சுட்டி, கூடும் நேரம், முடியும் நேரம், நடக்கும் தூரம், கழிப்பறை கடைசியாக எங்கே கிடைக்கும் என்பது. கடைசியில் சொன்னதை எழுதாமல் விட்டால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நடப்பார்கள். "ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பெட்ரோல் பங்க் இருக்கிறது, கழிப்பறை நன்றாக இருக்கும்" என்ற ஒரு வரி போதும்.

நேரத்தை மாதத்துக்கு மாதம் மாற்றுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஆறு மணிக்கே விடிந்துவிடும். ஜனவரியில் இந்தப் பக்கம் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஆறரை ஆகும், பனிமூட்டமும் இருக்கும். அக்டோபரில் வைத்த ஐந்தே முக்காலையே ஜனவரியிலும் வைத்தால் எல்லோரும் அரை மணி நேரம் இருட்டில் கொசுக்கடியோடு நிற்க வேண்டியதுதான்.

உடைக்குப் பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலான நிறங்களைச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் வருபவர்கள் நிறைய. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர். பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் வரத் தயங்குவார்கள்.

7. நீங்கள் எடுத்துப் போக வேண்டியவை

குழுவுக்கு மூன்று நான்கு பைனாகுலர்களாவது இருக்கட்டும். 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 10 மடங்கு, 12 மடங்கு என்று காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், தெரியும் பரப்பு சுருங்கும். பழகாதவர்களால் பறவையை வட்டத்துக்குள் கொண்டுவரவே முடியாது.

ஸ்பாட்டிங் ஸ்கோப் (தாங்கியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று இருந்தால் பெரிய உதவி. ஏரி நடுவில் மிதக்கும் வாத்தை எல்லோரும் ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம், உயரம் குறைந்த குழந்தைகளுக்குத் தாங்கியை இறக்கிக் கொடுக்கலாம். இல்லையென்றால் நடை நிற்காது. படம் போட்ட பறவைக் கையேடு ஒன்று, நோட்டு, பென்சில் (பேனா பனியில் எழுதாது), முதலுதவிப் பெட்டி, முள் எடுக்க இடுக்கி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு.

8. முதல் பதினைந்து நிமிடம் பறவை பார்க்காதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. வந்ததும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கூடிய இடத்திலேயே, ஐம்பது அடி தள்ளி இருக்கும் ஒரு பெயர்ப் பலகையைக் காட்டி பைனாகுலரைப் பழக்குங்கள்.

முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து வலக் குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, இடக் கண்ணால் மட்டும் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக் குழலை மூடி, வலக் கண்ணால் பார்த்து, வலப் பக்கக் கண்ணாடியை ஒட்டிய வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். நம் இரண்டு கண்களுக்கும் பார்வை ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால்தான் இந்த வளையம். ஒருமுறை சரி செய்துவிட்டால் அதன் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும்.

கண்ணாடி போட்டவர்களை மறக்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், அம்மா வயது இருக்கும், இரண்டு நடைகளுக்கு வந்து, "எனக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டைதான் தெரியுது, சுத்தி எல்லாம் கறுப்பு" என்றார். வயதாகிவிட்டதால் அப்படி என்று அவரே முடிவு செய்திருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். கண் வைக்கும் இடத்தில் ரப்பர் குழிகள் உயர்ந்து நின்றன. கண்ணாடி போட்டவர்கள் அவற்றைத் திருகி உள்ளே தள்ள வேண்டும். தள்ளிக் கொடுத்ததும் வைத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அதுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு" என்றார் மெதுவாக. கருவேலங்கிளையில் இருந்த சின்ன நீர்க்காகத்தின் பக்கத்தில், தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மடையான் நின்றது. இரண்டு நடைகளில் அவர் இழந்தது என் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொருவரின் ரப்பர் குழியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.

கடைசியாக ஒரு பயிற்சி. பறவையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் குனிந்து பைனாகுலரைப் பார்ப்பார்கள், நிமிரும்போது பறவை எங்கே என்று தொலைத்திருப்பார்கள். ஐந்து முறை செய்ய வையுங்கள்.

9. முதல் பறவை மடையானாக இருக்கட்டும்

அபூர்வமான பறவையில் தொடங்க ஆசையாக இருக்கும். தொடங்காதீர்கள். நெருங்க விடும், அசையாமல் நிற்கும், எல்லா ஏரியிலும் இருக்கும் பறவை வேண்டும். அதற்கு மடையானை மிஞ்ச ஆளில்லை. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். பக்கத்தில் போகும்வரை பறக்காமல் நிற்பதால் கண் தெரியாது என்று நினைத்து வைத்த பெயர்.

பெயரைச் சொல்லாமல், "என்ன நிறம்?" என்று கேளுங்கள். பழுப்பு, மண் நிறம், கோடு கோடாக என்பார்கள். அலகு எப்படி, கால் எப்படி, என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே காத்திருங்கள். அது கிளம்பிப் பறக்கும்போது இறக்கை இரண்டும் சுண்ணாம்பு வெள்ளையாக விரியும். குழுவிலிருந்து ஓர் "அட!" வரும். மண் நிறத்துக்குள் அந்த வெள்ளை எங்கே ஒளிந்திருந்தது என்று பேசிக்கொள்வார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பறவையையும் பறக்கும்வரை காத்திருந்து பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள் வாயால் சொல்லிக் கொண்டுவர முடியாது.

அளவைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்று நான்கு அளவுகோல் போதும். "மைனாவைவிடப் பெரிது, காகத்தைவிடச் சின்னது" என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கையேட்டில் பாதிப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

ஊர்ப்பெயர்களை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பெயரை மட்டும் சொல்லும் நடத்துநரிடம் கிராமத்துப் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாவிடம் கேட்ட நத்தைக்குத்தி, பாம்புத்தாரா, முக்குளிப்பான் எல்லாம் வெளியே வரும். பெயரே பறவையின் உருவத்தையோ அது செய்யும் வேலையையோ சொல்லிவிடுவதால் ஒருமுறை கேட்டால் மறக்காது.

10. இடத்தைச் சொல்லும் முறை

"அதோ, அங்க, அந்த மரத்துல" என்று விரலை நீட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. உங்கள் விரல் நீட்டும் திசை உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் சரி. பக்கத்தில் நிற்பவருக்கு அது வேறு மரம்.

பெரியதிலிருந்து சின்னதற்கு வாருங்கள். "எதிர்க்கரையில் தனியாக ஒரு பனைமரம் நிற்கிறது, எல்லோருக்கும் தெரிகிறதா?" தெரிகிறது என்று சொல்லும்வரை அடுத்த வார்த்தை வேண்டாம். "அதற்கு நேர் கீழே தண்ணீரில் ஒரு பட்ட கருவேலம். அதன் வலப்பக்கக் கிளை. நுனியில் கறுப்பாக, இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு." இப்படிச் சொன்னால் முப்பது விநாடியில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். திறந்த தண்ணீர்ப் பரப்பில் அடையாளமே இல்லாவிட்டால் மணிக்கூண்டு முறை உதவும்: நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று மணி. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்களா என்று முதலில் பாருங்கள். லேசர் விளக்கால் காட்ட வேண்டாம், பறவையின் கண்ணில் பட்டுவிடும்.

ஒரே நேரத்தில் ஒரு பறவை. இருபது பறவைகள் கண்முன்னே இருக்கும்போது இது கஷ்டம். மற்றவர்கள் ஆளுக்கொன்றைக் காட்டத் தொடங்கினால், "முதல்ல இதை முடிப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.

11. நடையின் வேகம்

இரண்டரை மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர். அதற்குமேல் வேண்டாம். பத்து நிமிடம் ஓரிடத்தில் அசையாமல் நின்றால் ஒளிந்த பறவைகள் வெளியே வரும். கோரைக்குள் போன தாழைக்கோழி மெல்ல எட்டிப் பார்க்கும். நடந்துகொண்டே இருந்தால் உங்களுக்கு முன்னால் எல்லாம் பறந்துகொண்டே இருக்கும், நீங்கள் துரத்திக்கொண்டே போவீர்கள்.

ஆள்காட்டி கத்தினால் நில்லுங்கள். அது உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறது, ஏரி முழுக்கச் சேதி போகிறது. இரண்டு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வேறு பக்கமாக விலகுங்கள். கோடை தொடங்கும் நேரம் என்றால் தரையில் முட்டை வைத்திருக்கக் கூடும், அந்த மண்ணில் கால் வைக்கவே கூடாது.

12. கூடு, படம், ஒலி

கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டிய விதிகள் இவை. நடுவில் சொன்னால் யாரோ ஒருவரைக் கண்டிப்பது போல ஆகிவிடும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தாய்ப்பறவை எழுந்துபோன பத்து நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், அல்லது குஞ்சு வெயிலில் வாடிவிடும். பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்கிறது, தீனியை நிறுத்திவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்னால் வாருங்கள். படம் எடுப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிவதை, கை தட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்பவரை அடுத்த நடைக்கு அழைப்பதில்லை. இதில் நான் யாருக்கும் இளக்கம் காட்டுவதில்லை.

கைப்பேசியில் பறவை ஒலியைப் போட்டு வரவழைக்கக் கூடாது. தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்துத் தீனியையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்வது பழக உதவும், ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்தோ, காதுக்குப் பழகிய குரலாக இருந்தோதான் எழுத வேண்டும். கூடு இருக்கும் மரத்தின் படத்தையோ இடத்தையோ பொதுவில் போடாதீர்கள்.

13. எண்ணுவதும் எழுதுவதும்

பட்டியல் எழுத ஒருவர், எண்ண ஒருவர். நடத்துபவர் இரண்டையும் செய்யக் கூடாது, செய்தால் குழுவைக் கவனிக்க முடியாது.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து வாத்துகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால் விரைவில் கை வந்துவிடும்.

பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு தளத்தில் ஏற்றும்போது தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் மூன்றும் வேண்டும். போன வழியிலேயே திரும்பி வந்தால் தூரத்தை ஒருமுறை மட்டும் போடுங்கள். பார்த்து அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் முழுப் பட்டியல் என்று குறிக்க வேண்டும். காகத்தையும் மைனாவையும் "இதென்ன பெரிய விஷயம்" என்று விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கம். இன்று எண்ணாத காகம் நாளை குறைந்துவிட்டதா என்று கேட்டால் பதில் இருக்காது. பெயர் உறுதியாகத் தெரியாதவற்றை "உள்ளான் வகை" என்று எழுதலாம், அதில் குறை ஒன்றுமில்லை. பிறகு பட்டியலை வந்தவர்களோடு பகிருங்கள், அவர்கள் கணக்கிலும் ஏறிவிடும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பும் முதல் பட்டியல் போட நல்ல சந்தர்ப்பம்.

14. முடிக்கும் விதம்

எட்டரை ஆனால் வெயில் ஏறிவிடும், பறவைகளும் அடங்கும். ஒரு பறவை கிடைக்குமென்று இழுக்காமல் சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். நிழலில் எல்லோரையும் உட்கார வைத்து, எழுதியவரைப் பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும், "யாரெல்லாம் பார்த்தீங்க?" என்று கை தூக்கச் சொல்லுங்கள். எந்தப் பெயருக்குக் கை குறைவாக எழுகிறதோ அந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவே அடுத்த நடைக்கு மூன்று வரி எழுதுங்கள்: மதகுப் படியில் தண்ணீர் எத்தனையாவது படிவரை நின்றது, எந்த நிறுத்தத்தில் நேரம் வீணானது, மூன்று முறைக்கு மேல் வந்தவர் யார். அந்த மூன்றாவது வரியில் எழுதிய ஆளுக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் முதல் இருநூறு அடியை நீங்கள் நடத்துங்கள், நான் வாலாக வருகிறேன் என்று சொல்லுங்கள்.